காவலரின் சரீரத் தகுதி

எழுத்துத் தேர்வில் தேறிய இளைஞர் ஒருவர், அழைப்புக் கடிதத்தோடு விடியுமுன்பே ஆயுதப்படை மைதானத்திற்கு வந்து சேர்ந்து, காலணிகளைக் கழற்றிவிட்டு உயரம் அளக்கும் கம்பத்தின் கீழ் நிற்கும்போது, அரசாங்கம் அவரிடம் எதிர்பார்ப்பவை எவை என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பதவிக்கு வரும் ஆண்களில் பொதுப் பிரிவினரும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரும் 170 செ.மீ. உயரமும், ஆதிதிராவிடரும் பழங்குடியினரும் 167 செ.மீ. உயரமும் இருத்தல் வேண்டும். மார்பு இயல்பான நிலையில் 81 செ.மீ. இருந்து, மூச்சை நன்கு உள்ளிழுத்தால் குறைந்தது 5 செ.மீ. விரிதல் வேண்டும். பெண்களுக்கு உயரத்தின் பிரமாணம் முறையே 159 செ.மீ., 157 செ.மீ. ஆகும். இவ்விதிகளில் எடைக்கென்று தனியாக ஓர் எண் வகுக்கப்படவில்லை. அதைக் கண்டு, எடையைப் பற்றிக் கவலையில்லை என்று எண்ணிக்கொள்ளும் இளைஞர்கள் பலர் உண்டு. ஆனால் அளவு நாடா கேட்காமல் விட்ட கேள்வியை ஓட்டப்பாதையும் கயிறும் அடுத்த சில நாழிகைகளிலேயே கேட்டுவிடுகின்றன.

ஆண்கள் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும்; பெண்கள் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிகளுக்குள் முடிக்க வேண்டும். இதில் தவறியவர்க்கு மேற்கொண்டு வழியில்லை. தேறியவர்கள் திறன் போட்டிகளுக்குச் செல்கிறார்கள். அங்கே ஆண்கள் கயிற்றில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரமும், 6 மீட்டர் ஏறினால் இரண்டு நட்சத்திரமும் பெறுவர். நீளம் தாண்டுதலில் 3.80 மீட்டருக்கும் 4.50 மீட்டருக்கும், நூறு மீட்டர் ஓட்டத்தில் 15 விநாடிக்கும் 13.5 விநாடிக்கும் அவ்வாறே நட்சத்திரங்கள் உண்டு. நீளம் தாண்ட இயலாதவர் உயரம் தாண்டலாம். நூறு மீட்டர் வேண்டாதவர் நானூறு மீட்டர் ஓடலாம். பெண்களுக்குக் கயிறு கிடையாது; நீளம் தாண்டுதல், குண்டு எறிதல் அல்லது பந்து எறிதல், நூறு அல்லது இருநூறு மீட்டர் ஓட்டம் ஆகியவை உண்டு. விதிகள் காலத்திற்குக் காலம் திருத்தப்படுவன ஆதலால், இந்நூலை மட்டும் நம்பாமல், தாம் விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை ஒருமுறைக்கு இருமுறை வாசித்துக்கொள்வது அவசியம்.

ஏழு நிமிடத்தில் 1500 மீட்டர் என்பதைப் பயிற்சிக்கு ஏற்றவாறு பிரித்துப் பார்த்தால், நானூறு மீட்டர்ச் சுற்று ஒன்றுக்கு 112 விநாடி கிடைக்கிறது. அத்தகைய சுற்றுகள் மூன்றே முக்கால். ஆரோக்கியமான இருபது வயது இளைஞருக்கு இந்த வேகம் எட்டாக் கனியன்று. எனினும் முதற்சுற்றை 85 விநாடியில் பறந்து முடித்துவிட்டு, மூன்றாம் சுற்றில் விலாவைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களே தோல்வியுற்றவர்களில் பெரும்பாலோர். ஆகையால் வேகமாக ஓடக் கற்பதற்கு முன் நிதானமாக ஓடக் கற்க வேண்டும். பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கும்போது தொடங்குபவர், முதல் நான்கு வாரங்களில் நடையும் மெல்லோட்டமும் மாறி மாறி அரைமணி முதல் முக்கால்மணி நேரம் செய்து வரலாம். பக்கத்தில் வருபவரோடு தடையின்றிப் பேச முடிகின்ற வேகமே அப்பொழுது சரியான வேகம். அடுத்த நான்கு வாரங்களில், வாரத்திற்கு இருமுறை, நானூறு மீட்டரை 110 விநாடி அளவில் ஓடி, இரண்டு நிமிடம் இளைப்பாறி, மறுபடியும் ஓடுவதை ஐந்து முறை செய்தால், உரிய வேகம் காலுக்குப் பழகிவிடும். கடைசி நான்கு வாரங்களில் வாரம் ஒருமுறை முழுத் தூரத்தையும் கடிகாரம் வைத்து ஓடிப் பார்க்க வேண்டும். வாரத்தில் ஒருநாள் பூரண ஓய்வு. அதனைச் சோம்பலென்று கருதி விட்டுவிடுபவர்க்குத்தான் முழங்கால் வலியும் கணுக்கால் எலும்பு வலியும் வந்து, மூன்று மாத உழைப்பு வீணாகிறது.

கயிற்றில் எடையின் உண்மை ஒளிவு மறைவின்றி வெளிப்படுகிறது. ஏறுகிறவர் தம் சரீரம் முழுவதையும் தம் கைகளால் மேலே தூக்கிச் செல்கிறார். தேவைக்கு மேல் வயிற்றைச் சுற்றிச் சேர்ந்திருக்கும் ஐந்து கிலோ, ஐந்து கிலோ அரிசிப் பையை முதுகில் கட்டிக்கொண்டு ஏறுவதற்குச் சமம். தண்டாலும் பஸ்கியும் தினந்தோறும் செய்பவர்கூடப் பார் கம்பியில் தொங்கி மோவாயை மேலே கொண்டுவரப் பழகாவிட்டால் ஐந்து மீட்டர்க் குறியைத் தொட மாட்டார். வாரம் மூன்று நாள் பார் எடுத்தலும், வாய்ப்புள்ளபோதெல்லாம் உண்மையான கயிற்றில் ஏறிப் பழகுதலும் இன்றியமையாதவை. எடையைக் குறைக்க வேண்டியவர் வாரத்திற்கு அரைக் கிலோவுக்கு மேல் குறைக்க முயல வேண்டாம். பன்னிரண்டு வாரத்தில் அதுவே ஆறு கிலோ ஆகும். பட்டினி கிடந்து பதினைந்து நாளில் இளைத்தவர் கொழுப்போடு தசையையும் இழந்து, எடை குறைந்தும் கயிறு ஏறும் வலு இல்லாமல் நிற்பதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள்.

உயரத்தைக் குறித்து ஒரு சிறு குறிப்பு. முதுகெலும்புகளுக்கு இடையேயுள்ள தட்டுகள் பகலெல்லாம் நிற்பதாலும் நடப்பதாலும் அழுந்துவதால், ஒருவர் மாலையில் காலையைவிட ஏறக்குறைய ஒரு செ.மீ. குறைந்தே இருப்பார். எல்லைக் கோட்டில் இருப்பவர்கள் முதல்நாள் இரவு நன்றாகப் படுத்துறங்கிவிட்டு வருவதும், பேருந்து நிலையத்துப் படிகளில் உட்கார்ந்தபடி இரவைக் கழிக்காதிருப்பதும் நல்லது. மார்பு விரிவுக்குக் குறுக்கு வழி ஒன்றுமில்லை. ஓட்டமும் தண்டாலும் செய்து, மூச்சை ஆழ இழுத்து நிறுத்தும் பழக்கம் உள்ளவர்க்கு 5 செ.மீ. தானாகவே கிட்டும்.

இனி, மிகுந்த கவலையோடு எழுத வேண்டிய ஒரு செய்தி. 2024 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர்த் தொடக்கத்திலும், ஜார்க்கண்டு மாநிலத்தில் கலால் துறைக் காவலர் பணிக்காக நடந்த உடல் திறன் தேர்வில், ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டுமென்று விதிக்கப்பட்டிருந்தது. அந்த ஓட்டத்தின்போதும் அதன் விளைவாகவும் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அரசாங்கம் தேர்வை இடைநிறுத்தி, பின்னர் ஓட்டத்தின் தூரத்தையும் வெகுவாகக் குறைத்தது. ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓடுவது, மாதக்கணக்கில் பழகியவர்க்குப் பெரிய காரியமன்று. ஆயினும் வேலையில்லாத் திண்டாட்டத்தில் நெடுநாள் காத்திருந்து, அறிவிப்பு வந்தபின் அவசர அவசரமாகச் சில நாள் ஓடிப்பார்த்துவிட்டு, புழுக்கம் மிகுந்த பருவத்தில், நித்திரையின்றி, நீரும் ஆகாரமும் சரியாக இல்லாமல் களத்தில் இறங்கும் இளைஞனுக்கு அது உயிர்க்கே உலை வைக்கக்கூடியது. உடல் வெப்பம் மிகுந்து மூளை குழம்பும் நிலையில், நின்றுவிட வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. இந்த ஓட்டத்தில் தேறினால்தான் வீட்டுக் கடன் அடையும் என்ற நினைவு ஒன்றே அவனைத் தள்ளிக்கொண்டு போகிறது. இதனால்தான் விதி வகுப்பவர்களுக்குப் பொறுப்பு அதிகம் என்கிறேன். ஒரு பரீட்சை, பதவிக்கு எவ்வளவு வலிமை தேவையோ அவ்வளவை அளக்க வேண்டும். கூட்டத்தைக் கழிப்பதற்காகத் தூரத்தைக் கூட்டுதல் நியாயமன்று.

இளைஞர்கள் தங்கள் அளவில் செய்யத்தக்கவையும் உள. பரீட்சை எந்த வேளையில் நடக்குமோ அந்த வேளையிலேயே குறைந்தது இரண்டு வாரமாவது ஓடிப் பழகினால் உடல் வெயிலுக்கு இசைந்துவிடும். ஓட்டத்திற்கு இரண்டு மணி நேரத்திற்கு முன் இட்லியோ வாழைப்பழமோ போன்ற இலேசான ஆகாரம் போதும்; தண்ணீரை முதல்நாளிலிருந்தே தவறாமல் குடித்து வர வேண்டும். காய்ச்சல் கண்டு தேறிய ஒரு வாரத்திற்குள் ஓடவே கூடாது. ஓட்டத்திற்கு ஊக்கம் தருமென்று யாரோ நீட்டும் மாத்திரையையும் ஊசியையும் தொடக் கூடாது. மார்பு வலி, கண் இருட்டல், குளிர் நடுக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அக்கணமே நின்று கையை உயர்த்த வேண்டும். தேர்வு மறுபடியும் வரும்.

தேர்வில் வென்று பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த காவலரின் உடல், அங்கே கழியும் மாதங்களில் ஆயுளிலேயே மிகச் சிறந்த நிலையை அடைகிறது. விடியற்காலையில் ஓட்டம், பிறகு கவாத்து, வேளைக்கு உணவு, வேளைக்கு உறக்கம் என்ற கிரமம் அங்கே தவறுவதில்லை. காவல் நிலையத்திற்குப் போனபின் அந்தக் கிரமம் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகிறது. இருபத்திரண்டு வயதில் சேர்பவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணிபுரிகிறார். நம் விதிகளோ அவரை முதல்நாளில் நுணுக்கமாக அளந்துவிட்டு, பிறகு அந்த முப்பது ஆண்டுகளையும் பெரும்பாலும் அவருடைய விருப்பத்திற்கே விட்டுவிடுகின்றன. என் கருத்தில் இத்துறையின் சரீரத் தகுதியில் உள்ள பெருங்குறை இதுவே.

பருத்த காவலரைக் கண்டு நகைப்பது எளிது. திரைப்படங்கள் அதைப் பல காலமாகச் செய்து வந்திருக்கின்றன. அந்த வயிறு எவ்வாறு வந்தது என்று விசாரித்தவர் சிலரே. இரவு ரோந்து முடிந்து காலை ஆறு மணிக்கு வீடு திரும்பியவரை, பத்து மணிக்கு நீதிமன்றத்திற்கும், மாலையில் ஒரு பொதுக்கூட்டப் பந்தோபஸ்துக்கும் அனுப்பினால், அவர் உறங்கும் நேரம் எது, ஓடும் நேரம் எது? உறக்கம் குறையக் குறையப் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, நிறைவைத் தெரிவிக்கும் சுரப்பு குறைகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. பந்தோபஸ்தில் நிற்பவர்க்குக் கிடைப்பது வேளை தவறி வரும் பொட்டலச் சோறு. இடையில் இனிப்பு மிகுந்த தேநீரும் வடையும். எட்டு மணி நேரம் ஓரிடத்தில் நின்றாலும் அது அப்பியாசம் ஆகாது. காலில் இரத்தக் குழாய் புடைக்கும், வயிறு குறையாது. 2021 நவம்பரில் தமிழ்நாடு அரசு, இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரையிலுள்ளோர்க்கு வாரம் ஒருநாள் ஓய்வளிக்க ஆணையிட்டதை, சம்பளமும் சலுகையும் சார்ந்த காரியமாக மட்டும் கருதாமல், சரீரத் தகுதிக்கான முதற்படியாகவே நான் கருதுகிறேன். அந்த ஓய்வுநாள் ஏட்டில் மட்டுமன்றி நடப்பிலும் தவறாமல் கிடைக்கும் நிலையங்களில்தான் மற்ற யோசனைகளுக்குப் பிரயோஜனம் உண்டு.

பணியிலிருப்பவரை எந்த அளவுகோலால் அளப்பது என்பதில் கருத்து வேற்றுமை உண்டு. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அஸ்ஸாம் காவல் துறைத் தலைவர் ஞானேந்திர பிரதாப் சிங், துறையினர் அனைவருடைய உடல் நிறைக் குறியீடும் பதிவு செய்யப்படும் என்றும், ஆகஸ்டு 15 வரை அதற்கு அவகாசம் என்றும், 30க்கு மேற்பட்டவர்க்கு மேலும் சில மாதம் கொடுத்து, அதன்பின்னும் குறையாதவர்க்கு விருப்ப ஓய்வு முன்வைக்கப்படும் என்றும் அறிவித்தார். தைராய்டு போன்ற உண்மையான நோயுள்ளவர்க்கு விலக்கு உண்டு. முதலில் தம்மையே அளக்கச் செய்வதாகவும் அவர் சொன்னார். தலைவர் தாமே முதலில் தராசில் ஏறுவது மிகவும் மெச்சத்தக்கது. ஆனால் அந்த அளவுகோல் குறைபாடு உடையது.

எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்துத் தன்னாலேயே பெருக்கி, முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதே உடல் நிறைக் குறியீடு. பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மக்கள்தொகையை ஆராய்ந்தபோது கண்ட கணக்கு இது. 1972இல் ஆன்செல் கீஸ் என்பவர் இப்போதுள்ள பெயரை இதற்கு வழங்கினார். தனி மனிதருடைய கொழுப்பையும் தசையையும் இது பிரித்துக் காட்டாது. இந்தியரைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு. பூனாவைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், ஆங்கிலேயரான யுட்கின் என்ற மருத்துவரோடு சேர்ந்து தாம் நின்ற புகைப்படத்தை 2004இல் மருத்துவ இதழொன்றில் வெளியிட்டார். இருவருக்கும் குறியீடு ஒன்றே, 22.3. ஆயினும் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலில் 21.2 விழுக்காடு. இதனால்தான் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23க்கு மேல் மிகை எடை என்றும், 25க்கு மேல் உடற்பருமன் என்றும் வகுத்தார்கள். 170 செ.மீ. உயரமுள்ள காவலருக்கு 23 என்பது ஏறக்குறைய 66 கிலோ. 25 என்பது 72 கிலோ. 30 என்பதோ 86 கிலோவுக்கும் மேல். ஆகவே 30ஐ எல்லையாக வைத்தால், நீரிழிவின் வாயிலில் நிற்கும் பலர் தகுதியுள்ளவர் எனப் பெயர் பெறுவர். 25ஐ மட்டுமே நம்பினால், கபடி ஆடித் தோளும் தொடையும் திரண்ட வலிய காவலர் தகுதியற்றவர் எனப்படுவார்.

எனவே தராசோடு அளவு நாடாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின், நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பதே இந்தியருக்குரிய எல்லை. வயிற்றை எக்கி நிற்பவரை இயல்பாக நிற்கச் சொல்லி இரண்டாம் முறை அளக்க வேண்டும். தினந்தோறும் அளக்க விரும்புபவர்க்குச் சீருடையின் இடைவாரே போதும். ஓராண்டில் கொக்கி ஒரு துளை தள்ளிப் போயிருந்தால் அதைக் காட்டிலும் தெளிவான எச்சரிக்கை தேவையில்லை.

நாடாவும் தராசும் உருவத்தை அளப்பவை. வேலை செய்யும் ஆற்றலை அளப்பதற்கு வேறு பரீட்சை வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும், காவலர் பணி நிலைமைகளை ஆராய்ந்த டாம் வின்சர் என்பவர் 2012இல் அளித்த பரிந்துரையை ஒட்டி, 2014 செப்டம்பர் முதல் காவலர்க்கு ஆண்டுதோறும் ஓட்டப் பரீட்சை கட்டாயமாக்கப்பட்டது. 15 மீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் போட்டு, ஒலிக்கருவி எழுப்பும் ஓசைக்கேற்ப அவற்றினிடையே போய் வர வேண்டும். ஓசைகளின் இடைவெளி வரவரக் குறையும். 35 முறை, அதாவது 525 மீட்டர், சற்றேறக்குறைய மூன்றரை நிமிடத்தில் ஓடினால் தேர்ச்சி. ஆணென்றும் பெண்ணென்றும், வயதில் மூத்தவரென்றும் இளையவரென்றும் வேற்றுமை இல்லை. துரத்திப் பிடிக்க வேண்டியவன் காவலரின் வயதைக் கேட்டு ஓடுவதில்லை என்பதே அதற்குரிய நியாயம். எளிய பரீட்சைதான், ஆண்டுதோறும் தவறாமல் வருவதே அதன் சிறப்பு. ஆண்டுக்கொருமுறை ஓட வேண்டும் என்று அறிந்தவர், மற்ற மாதங்களிலும் முற்றிலும் ஓடாமல் இருக்க மாட்டார். நம் நாட்டிலும் ஒரு மைதானமும் சுண்ணாம்புக் கோடும் இருந்தால் இதனை நடத்திவிடலாம்.

வயதுவந்தோர்க்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான அப்பியாசமும், இரண்டு நாள் தசைக்குரிய பயிற்சியும் வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பணியிலிருப்பவர் இதனை ஒரே வேளையில் செய்ய வேண்டுமென்பதில்லை. பகற்பணியாயின் கவாத்துக்கு முன் அரைமணி ஓட்டம். இரவுப் பணியாயின் காலையில் வந்தவுடன் ஓடாமல், முதலில் உறங்கி எழுந்து மாலையில் நடை. உறக்கமா ஓட்டமா என்ற நெருக்கடி வந்தால் அன்றைக்கு உறக்கத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். பந்தோபஸ்துக்குப் புறப்படுபவர் வேகவைத்த முட்டையோ சுண்டலோ வேர்க்கடலையோ ஒரு டப்பாவில் கொண்டு சென்றால், மூன்று மணிக்கு வரும் பொட்டலத்தில் பாதியோடு எழுந்துவிட முடியும். தேநீரில் சர்க்கரையைப் பாதியாக்குவது, ஒருநாளில் ஐந்தாறு முறை குடிப்பவர்க்குப் பெரிய மாற்றம். நாற்பது வயது கடந்து, பல ஆண்டுகள் ஓடாதிருந்தவர், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயத் துடிப்பின் வரைபடமும் பார்த்துக்கொண்ட பிறகே வேக ஓட்டத்தைத் தொடங்க வேண்டும். வயதும் பதவியும் தடை என்பவர்க்கு, 2021 முதல் 2023 வரை தமிழகக் காவல் துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்த சைலேந்திர பாபு, அந்தப் பதவியிலும் நெடுந்தூரம் சைக்கிள் மிதித்து வந்ததை நினைவூட்டலாம்.

பெண் காவலர்க்கு இடர் இன்னும் அதிகம். பந்தோபஸ்து நடக்கும் தெருவில் கழிப்பிடம் இல்லாமையால் நாள் முழுதும் தண்ணீரே குடிக்காமல் நிற்பவர்கள் பலர். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் களைப்புக்கும் எந்த அப்பியாசமும் பரிகாரமாகாது. கழிப்பிடம் ஏற்படுத்துவதே பரிகாரம். மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்பியவரை உடனே ஓடச் சொல்வதும், எடை கூடிவிட்டதென்று பலர் முன்னிலையில் சுட்டிக் காட்டுவதும் தகாத செயல்கள். குழந்தை பிறந்து மூன்று மாதம் கழியுமுன் ஓட்டம் வேண்டாம். முதலில் நடை, பிறகு இடுப்புக்கும் அடிவயிற்றுக்கும் உரிய பயிற்சி, அதன் பின்பே மெல்லோட்டம். அறுவை மூலம் பிரசவமானவர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும்.

நிலைய அதிகாரிக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொருவருடைய எடை, இடையளவு, இரத்த அழுத்தம், ஓட்டத்தின் நேரம் ஆகியவற்றை ஆறு மாதத்திற்கொருமுறை எடுத்து, அவரவரிடம் மட்டும் காட்டித் தனிப்பதிவேட்டில் எழுதி வையுங்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். பரீட்சையில் தவறியவர்க்கு மூன்று மாதம் இரவுப் பணியைக் குறைத்து, காலையில் ஒருமணி நேரம் மைதானத்திற்கு விடுங்கள். அந்த ஒருமணியைப் பணி நேரமாகவே கணக்கிடுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஓடச் சொல்லுங்கள். அப்பொழுதும் இயலாவிட்டால், தண்டனைக் குறிப்பாணை எழுதுமுன், காவலர் மருத்துவமனைக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள்.